மூட்டு வீக்கத்துக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையா?

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை பார்க்கும் 24 வயதுப் பெண். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு விரல்களை மடக்க முடியவில்லை, தலை பின்னிவிட அம்மா வர வேண்டியிருக்கிறது என்றார். இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன. எட்டு மாதமாக என்ன செய்தீர்கள் என்று கேட்டதும் பையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, குளூட்டாதயோன். மூன்றுமே ஆன்டிஆக்ஸிடன்ட்கள், அதாவது செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் பொருட்கள். "இன்ஃப்ளமேஷன் குறையும்னு வீடியோல சொன்னாங்க மேடம்."

நான் உணவியல் நிபுணர். அன்று டயட் சார்ட் எழுதவில்லை. மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பினேன். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உறுதியானது. ஆரம்ப மாதங்களிலேயே சரியான மருந்தைத் தொடங்கினால் மூட்டு அரிபடாமல் பெருமளவு காப்பாற்றலாம். அந்த மாதங்களைத்தான் டப்பாக்கள் தின்றுவிட்டன.

உடம்புச் சூட்டை மோர் தணிப்பதுபோல இன்ஃப்ளமேஷனை, அதாவது அழற்சியை, ஆன்டிஆக்ஸிடன்ட் தணிக்கும், கூடப் போட்டால் சீக்கிரம் தணியும் என்று நம்புகிறார்கள். அப்படி இல்லை. காலில் முள் குத்தினால் சிவந்து வீங்குகிறதே, அதுவும் அழற்சிதான். உடம்பு தன்னைக் காக்கிறது. நீங்கள் பயப்படும் ஃப்ரீ ராடிக்கல்களை வைத்துத்தான் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்கின்றன. முடக்குவாதத்திலும் லூபஸிலும் நோய் எதிர்ப்பு மண்டலமே தவறிப்போய்ச் சொந்த உடம்பைத் தாக்குகிறது. வைட்டமின் மாத்திரை அதைத் திருத்தாது. லூபஸ் வருபவர்களில் 10க்கு 9 பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள்.

காய், பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்குப் பல நோய்கள் குறைவு என்பது உண்மை. அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்து மாத்திரையாக்கினால் அதே பலன் வரும் என்பது உண்மையில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. முடிவு வெளியானது 1994இல். அந்த எண்ணிக்கை நம் பெண்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் 'வைட்டமின்தானே, என்ன செய்துவிடும்' என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

பெண்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி 65 மில்லிகிராம். 100 கிராம் கொய்யாவில் 200க்கு மேல் இருக்கிறது. பிறகு எதற்கு 1000 மில்லிகிராம் மாத்திரை? குளூட்டாதயோன் மாத்திரையில் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடும். வைட்டமின் ஏ கலந்தது என்றால், கருத்தரிக்கும் வாய்ப்புள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. அளவு மீறினால் குழந்தையைப் பாதிக்கும். கிரீன் டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதில் இது வேறா?

காசிமேட்டில் மத்தி கிடைக்கிறது. அதிலுள்ள ஒமேகா 3 என்ற கொழுப்பு ஆன்டிஆக்ஸிடன்ட் வகை இல்லை, ஆனால் முடக்குவாத வலிக்கு ஓரளவு ஆதாரம் உள்ள உணவுச் சத்து அதுதான். மலிவான மீன் என்பதாலேயே யாரும் மதிப்பதில்லை. வாரம் இரண்டு முறை குழம்பு வையுங்கள், பொரிக்க வேண்டாம். முருங்கைக்கீரை, நெல்லிக்காய், எண்ணெயில் வதக்கிய தக்காளி போதும். இதெல்லாம் மருந்தோடு சேர்த்துத்தான், மருந்துக்குப் பதிலாக இல்லை.

காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா? இரண்டு கையிலும் வீக்கமா? வெயில் பட்டால் கன்னம் தடித்துச் சிவக்கிறதா? காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்து வந்து போகிறதா? காசில்லை என்று தள்ளிப்போடாதீர்கள், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டுங்கள். அம்மாமார்களே, கல்யாணம் ஆகாத பெண், வாதம் என்று வெளியே தெரிந்தால் என்னாகும் என்று தயவுசெய்து மறைக்காதீர்கள்.

போகும்போது அந்த டப்பாக்களையும் எடுத்துப் போங்கள். திட்டுவார்கள் என்று ஒளிக்க வேண்டாம். வைட்டமின் ஈ அதிக அளவில் போனால் ரத்தம் உறைவதைப் பாதிக்கும். மருந்து எழுதுபவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.