மாத்திரைப் பெயரின் வாலைப் படியுங்கள்

மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மாத்திரையை நிறம் சொல்லித்தான் கேட்கிறார்கள். ‘சின்னதா ரோஸ் கலர்ல இருக்குமே, அந்த பிரஷர் மாத்திரை’, ‘பச்சை அட்டை, கேஸுக்குப் போடுறது’. ஒரு மருந்தாளுநராகச் சொல்கிறேன், நிறத்தை நம்பாதீர்கள். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனிகூட திடீரென்று அட்டையை மாற்றிவிடும். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் மாறாதது, பிராண்ட் பெயரோடு ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் மூலப் பெயர்தான். அதைப் பிராண்ட் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று, சில விலக்குகளோடு, 2018-இல் இங்கே விதியும் வந்தது.

மூலப் பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, அதன் கடைசி சில எழுத்துகளைப் பார்த்தால் போதும். ஒரே மாதிரி வேலை செய்யும் மருந்துகளுக்கு ஒரே விகுதி வரும்படிதான் உலக சுகாதார நிறுவனம் பெயர் பரிந்துரைக்கிறது. அப்படிப்பட்ட பெயர்களின் முதல் பட்டியல் 1953-இல் வெளியானது.

பிரஷர் மாத்திரையில் ஆரம்பிப்போம். பெயர் பி, ஆர், ஐ, எல் என்று முடிந்தால் அது ‘ப்ரில்’ குடும்பம்: எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில். ரத்தக் குழாயைச் சுருக்கும் ஒரு பொருள் உடலில் உருவாவதை இவை குறைக்கின்றன. இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை கேப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் 1981-இல் அனுமதி பெற்றது. ப்ரில்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுத்துவிடும். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனாலும் மாதக்கணக்கில் இருமல் சிரப் வாங்கிக்கொண்டே இருப்பவரிடம் ‘பிரஷருக்கு என்ன போடுறீங்க, அட்டையைக் காட்டுங்க’ என்று கேட்டுவிடுவது என் வழக்கம். ப்ரில் என்று தெரிந்தால் சிரப்பை எடுத்து வைத்துவிட்டு டாக்டரிடம் அனுப்பிவிடலாம்.

டாக்டர் அநேகமாக ‘சார்டன்’ என்று முடியும் ஒன்றுக்கு மாற்றுவார். லோசார்டன், டெல்மிசார்டன், ஓல்மிசார்டன் எல்லாம் அந்தக் குடும்பம். அதே பொருள் போய் உட்காரும் இடத்தை இவை அடைத்துக்கொள்கின்றன. இருமல் தொல்லை குறைவு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், புதியது வந்த பிறகும் பழையது வீட்டு டப்பாவிலேயே இருக்கும், இரண்டும் நல்லதுதானே என்று இரண்டையும் போடுவார்கள். ராமிப்ரிலையும் டெல்மிசார்டனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2008-இல் வந்தது. கூடுதல் நன்மை இல்லை, சிறுநீரகக் கோளாறும் மயக்கமும்தான் கூடின.

ஓ, எல், ஓ, எல் என்று முடிந்தால் இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து: அட்டெனலால், மெட்டோப்ரலால், ப்ரோப்ரனலால். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வாலைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிலவற்றால் மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பு வரலாம். மாத்திரையில் மட்டும்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் சொட்டு மருந்து டிமோலாலும் இதே குடும்பம்தான். கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். கண் டாக்டரிடம் போய் யார்தான் ஆஸ்துமாவைப் பற்றிச் சொல்கிறார்கள்? சொல்லுங்கள். அதே சமயம், ஏற்கெனவே ஓலால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து.

சர்க்கரை மாத்திரையில் வாலோடு தலையையும் பார்க்க வேண்டும். ‘க்ளி’ என்று தொடங்கும் க்ளிமெப்பிரைடு, க்ளிக்லசைடு போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி வியர்த்துக் கொட்டும். ‘க்ளிப்டின்’ என்று முடிபவை தனியாகப் போடும்போது அப்படி இறக்குவது அபூர்வம். ‘க்ளிஃப்ளோசின்’ என்று முடிபவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அந்தரங்க இடத்தில் அரிப்பு வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கடையில் அடிக்கடி கண்ணில் படுவது இன்னொன்று. வயிற்று டாக்டர் பான்டொப்ரசோல் எழுதியிருப்பார். மூட்டு வலிக்குப் பார்த்த வேறொரு டாக்டர், வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க ராபெப்ரசோல் எழுதியிருப்பார். இரண்டு சீட்டு, இரண்டு பிராண்ட், இரண்டு நிற அட்டை. வெறும் வயிற்றில் இரண்டும் உள்ளே போகும். இரண்டும் ‘ப்ரசோல்’ என்றுதான் முடிகின்றன, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் வேலையும் ஒன்றேதான். ஒன்றை நிறுத்தலாமா என்று கேட்க அந்த ஒரு விகுதி போதும்.

விதிவிலக்கும் உண்டு. ‘ஸ்டாட்டின்’ என்றால் கொழுப்பு மாத்திரை என்று அட்டோர்வாஸ்டாட்டினையும் ரோசுவாஸ்டாட்டினையும் வைத்து முடிவு கட்டினால், நிஸ்டாட்டின் வந்து கெடுக்கும். அது பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து. அரிபிப்ரசோல் மனநல மருந்து, வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகையால் இந்த வித்தையைக் கேள்வி கேட்க மட்டும் பயன்படுத்துங்கள், வைத்தியம் பார்க்க வேண்டாம்.

பிராண்ட் பெயர்களில் இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. அமெரிக்காவில் ஒமெப்ரசோல் முதலில் லோசெக் என்ற பெயரில் வந்தது. நீர் பிரியக் கொடுக்கும் லாசிக்ஸோடு குழம்புகிறது என்று 1990-இல் ப்ரிலோசெக் என்று மாற்றினார்கள். அந்தப் பெயருக்குள் ஒரு ‘ப்ரில்’ இருப்பதைக் கவனியுங்கள், ஆனால் அது பிரஷர் மாத்திரையே இல்லை! நம் நாட்டிலும் ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரண்டு மலேரியா மருந்துப் பெயர்களுக்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. மற்ற பொருள்களைவிட மருந்துப் பெயர்களின் ஒற்றுமையைக் கடுமையாகப் பார்க்க வேண்டும் என்று 2001-இல் தீர்ப்பு வந்தது.

பிராண்ட் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓரிரு எழுத்துகளை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். டெல்மிசார்டன் பிராண்டோடு ‘ஏஎம்’ என்று இருந்தால் கூடவே அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்தும் இருக்கிறது என்று அர்த்தம். காலையில் போடும் மாத்திரை என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ‘எச்’ என்றால் பெரும்பாலும் நீர் பிரியும் மருந்து, சர்க்கரை மாத்திரையில் ‘எம்’ என்றால் மெட்ஃபார்மின். ‘எஸ்ஆர்’, ‘எக்ஸ்எல்’ என்பவை மெதுவாகக் கரையும் வகை, பொடித்துப் போடக் கூடாது. ‘ஏஎம் இல்லேன்னா சும்மா உள்ளதைக் குடுங்க’ என்பார்கள். கொடுக்க முடியாது, அது வேறு மருந்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அட்டையில் பாதியை வெட்டி வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் எங்கள் பக்கம் தங்கிவிடுவது உண்டு. நாலு மாத்திரைதானே என்று விடாமல், பெயர் உள்ள துண்டையே கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் முழு அட்டையை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பில்லையும் வாங்கி வையுங்கள். மறு முறை எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் படத்தைக் காட்டலாம்.