பெரிய லைன் வாங்குமுன் பத்து நாள் வரைபடம்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ள சில மருத்துவமனைகள், கல்லூரிகள், அரிசி ஆலைகள் ஆகியவற்றின் கணினி வலையமைப்பைப் பராமரிப்பது என் தொழில். மாதத்துக்கு இரண்டு முறையாவது ஒரு தொலைபேசி அழைப்பு இப்படித்தான் தொடங்கும்: "சார், நெட் ரொம்ப ஸ்லோ. 50 எம்.பி. லைனை 100 ஆக்கிடலாமா?" ஆக்கிவிடலாம், பணம் கட்டினால் யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் இருக்கிற 50 (வினாடிக்கு 50 மெகாபிட்) எங்கே போகிறது என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் பதில் கிடைப்பதில்லை. கடைமடையில் பயிர் காய்கிறது என்றால், மேட்டூரில் கூடுதலாகத் திறக்கச் சொல்வதற்கு முன் இடையில் எந்த மதகில் எத்தனை கன அடி பிரிகிறது என்று விசாரிக்கத் தெரிந்தவர்கள் நாம். கணினி அறைக்குள் நுழைந்ததும் அந்த விசாரணையை மறந்துவிடுகிறோம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இதே புகார் வந்தது. மாலை ஏழு மணிக்கு மேல் பில் போடும் மென்பொருள் திணறுகிறது, மருந்தகத்தில் வரிசை நிற்கிறது, ஆகவே 100 எம்.பி. லைனுக்கு விண்ணப்பம் தயார் என்றார்கள். பத்து நாள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டு, மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றில் லினக்ஸும், லைனில் போய்வரும் தரவை அளந்து வரைபடமாக்கும் எம்.ஆர்.டி.ஜி. என்ற மென்பொருளும் நிறுவினேன். இதற்கு ஆன செலவு ஒரு மதிய வேளை.

எம்.ஆர்.டி.ஜி. மிகப் பழைய மென்பொருள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் உள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், வெளியுலகத்துக்கு இருந்த ஒரே 64 கிலோபிட் இணைப்பு எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதற்காக டோபியாஸ் ஓட்டிகர் எழுதி, 1995-இல் வெளியிட்டது. ஜி.பி.எல். என்ற உரிமத்தில் வருவதால் இது விலையில்லாதது மட்டுமல்ல, யாரும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளும்கூட. 'இத்தனை போர்ட் (கேபிள் செருகும் துளை) வரை இலவசம், அதற்கு மேல் பணம்' என்ற பேச்சே இல்லை. ஓட்டிகரே 1999-இல் ஆர்.ஆர்.டி.டூல் என்ற தரவுக் கருவியை வெளியிட்டார். கேக்டை, லிப்ரெ என்.எம்.எஸ். போன்ற பிற்காலத்துக் கண்காணிப்பு மென்பொருள்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. அவற்றின் திரைகள் அழகானவை, வசதியும் அதிகம். ஐம்பது ஸ்விட்ச் (கணினிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) உள்ள கல்லூரிக்கு லிப்ரெ என்.எம்.எஸ். போடச் சொல்வேன்; ஒரு ரூட்டரும் (உள் வலையமைப்பை வெளி லைனோடு இணைக்கும் பெட்டி) இரண்டு ஸ்விட்சும் உள்ள இடத்துக்கு எம்.ஆர்.டி.ஜி. போதும்.

அது செய்யும் வேலை மின்மீட்டர் கணக்கெடுப்பதைப் போன்றது. ஒவ்வொரு போர்ட் வழியாகவும் இதுவரை எத்தனை பைட் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்ற எண்ணிக்கையை ரூட்டரும் ஸ்விட்சும் தாங்களாகவே வைத்திருக்கின்றன. எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டு, முந்தைய எண்ணைக் கழித்து, 300 வினாடியால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். வரத்து பச்சையாகவும் வெளியேற்றம் நீலக் கோடாகவும் வரையப்படும்.

பத்து நாள் கழித்து ரூட்டரின் லைன் வரைபடத்தைப் பார்த்தபோது, வரத்து ஒருநாளும் 12 மெகாபிட்டைத் தாண்டியிருக்கவில்லை. வெளியேற்றமோ தினமும் இரவு ஏழு மணிக்கு 50-க்கு ஏறி, பதினொரு மணி வரை மேசைப் பலகைபோல் தட்டையாக நின்றது. உச்சி கூம்பாக இருந்தால் தேவை வந்துபோகிறது என்று பொருள். தட்டையாக இருந்தால் குழாயின் வாய் அடைத்துக்கொண்டது என்று பொருள். வெளியேறும் வழி அடைத்தால் உள்வருவதும் தள்ளாடும், ஏனென்றால் வந்துசேர்ந்த ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் 'கிடைத்தது' என்ற ஒப்புகை அதே வழியில்தான் திரும்பிப் போக வேண்டும். அது வரிசையில் காத்திருக்கும்போது எதிர்முனை அனுப்புவதைக் குறைத்துக்கொள்கிறது. பில் மென்பொருள் திணறியதன் காரணம் இதுதான்.

அடுத்து ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் வரைபடம் போட்டேன். இங்கே பலரும் தடுமாறுவார்கள்: ஸ்விட்சின் கண்ணில் 'வரத்து' என்பது அந்தக் கணினியிலிருந்து வெளியேறுவது, ஆகவே நிறங்களைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். பதினேழாவது போர்ட்டில் பச்சை மேசை நின்றது. கேபிளைப் பிடித்துக்கொண்டு போனால் ஸ்கேன் அறை. ஸ்கேன் படங்களை வெளியே வேறிடத்தில் உள்ள சேமிப்பகத்துக்கு நகலெடுக்கும் வேலையை யாரோ ஏழு மணிக்கு அமைத்திருந்தார்கள்; அலுவலகம் ஆறு மணிக்கு முடிந்துவிடும் என்ற நினைப்பு. நம் ஊர்களில் வயல்வேலை முடித்து நோயாளிகள் வந்து சேர்வதே அந்த நேரத்தில்தான். அதோடு, புதிய படங்களை மட்டும் அனுப்பாமல் முழுக் கோப்பகத்தையும் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தது. 50 மெகாபிட் வீதம் நான்கு மணி நேரம் என்றால் 90 ஜி.பி. புதியவை மட்டும், இரவு ஒரு மணிக்கு என்று மாற்றினோம். விண்ணப்பம் மேசை இழுப்பறைக்குள் போனது.

வரைபடம் தவறாகவும் வழிகாட்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். எம்.ஆர்.டி.ஜி. இரண்டு ஆண்டுத் தரவைச் சிறு கோப்பில் வைத்திருப்பதன் ரகசியம் சராசரி. நாள் வரைபடம் ஐந்து நிமிடச் சராசரி, வார வரைபடம் அரைமணிச் சராசரி, மாத வரைபடம் இரண்டு மணி நேரச் சராசரி, ஆண்டு வரைபடமோ ஒருநாள் சராசரி. அந்த மருத்துவமனையில் நான்கு மணி நேரம் 50-இலும் மீதி இருபது மணி நேரம் 2-இலும் போனதாக வைத்துக்கொண்டால், ஆண்டு வரைபடம் அமைதியாக 10 என்று காட்டும். அதைப் பார்ப்பவர் ஐந்தில் ஒரு பங்குதானே செலவாகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். 'வித்பீக்' என்ற அமைப்பைச் சேர்த்தால் உச்ச அளவும் தனிக் கோடாக வரும். நான் எங்கும் அதைச் சேர்க்காமல் விடுவதில்லை.

இன்னொரு குழப்பம் பிட்டும் பைட்டும்; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எம்.ஆர்.டி.ஜி. இயல்பாகப் பைட்டில் வரையும். லைன் விற்பவர் பிட்டில் விற்கிறார். 50 மெகாபிட் லைன் வரைபடத்தில் 6.25-இல் நிற்பதைக் கண்டு, சேவை நிறுவனம் எட்டில் ஒரு பங்குதான் தருகிறது என்று சண்டைக்குக் கிளம்பிய ஒரு கல்லூரி நிர்வாகியை வாசலில் தடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

எண்ணிக்கைப் பதிவேட்டின் அகலத்தையும் கவனிக்க வேண்டும். பழைய 32 பிட் எண்ணி, சுமார் 429 கோடி பைட் வந்ததும் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 100 மெகாபிட் வேகத்தில் அது 344 வினாடியில் நிறைந்துவிடும். ஒரு ஜிகாபிட்டில் 34 வினாடி போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு இடையில் எத்தனை முறை சுற்றியது என்று தெரிய வழியில்லை. ஆகவே எஸ்.என்.எம்.பி.யின் 2சி பதிப்பில் 64 பிட் எண்ணியைக் கேட்கும்படி அமைக்க வேண்டும். போர்ட்டை 100-இலிருந்து ஜிகாபிட்டுக்கு மாற்றும்போது 'மேக்ஸ்பைட்ஸ்' என்ற உச்ச வரம்பையும் மாற்றுவது கட்டாயம். அதைத் தாண்டும் எண்ணை மென்பொருள் ஏற்காது என்பதால், நெரிசல் மிகுந்த நேரத்தில்தான் வரைபடம் பொய்த்துப்போகும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. எஸ்.என்.எம்.பி.யின் கடவுச்சொல் போன்ற சரம் பல சாதனங்களில் 'பப்ளிக்' என்றே வருகிறது. அதை மாற்றுங்கள், கண்காணிக்கும் கணினிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், வெளியுலகிலிருந்து 161-ஆம் போர்ட்டை (இது கேபிள் துளை அல்ல, எஸ்.என்.எம்.பி. கேள்விகள் வந்துசேரும் வாசல் எண்) மூடுங்கள். எந்தக் கணினி எங்கே போகிறது என்று பார்க்க என்டாப் போன்ற கட்டற்ற கருவிகள் உள்ளன. ஆனால் பணியாளர் எந்தத் தளம் பார்க்கிறார் என்று அறியும் ஆசையில் அதை நிறுவச் சொல்பவர்களுக்கு நான் நிறுவித் தருவதில்லை.

கடைசியாக, இரவு இரண்டு முதல் நான்கு வரை அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு நேர்கோடு தெரிந்தால், ஒரே சீராக யாரோ பதிவிறக்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ரூட்டர் பதில் சொல்லாவிட்டால் எம்.ஆர்.டி.ஜி. கடைசியாகக் கிடைத்த அளவையே திரும்பத் திரும்ப வரையும். பூஜ்யமாக வரையச் சொல்லும் அமைப்பு இருந்தாலும் நான் இப்படியே விட்டுவைக்கிறேன், கண்ணில் சட்டென்று படுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போகும் இரவுகளில் இந்தக் கோடு அடிக்கடி வரும். அதைக் கண்டால் நான் முதலில் கேட்பது அந்த அறையின் யு.பி.எஸ். பேட்டரியை எப்போது மாற்றினீர்கள் என்பதைத்தான்.