ஹார்ட்லேண்ட் ராக்: தமிழில் எப்படிச் சொல்வது?

ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், பாப் சீகர், டாம் பெட்டி, ஜான் மெல்லன்கேம்ப். இந்த நான்கு அமெரிக்கப் பாடகர்களைப் பற்றி எங்கே படித்தாலும் 'ஹார்ட்லேண்ட் ராக்' என்ற இசைவகைப் பெயர் கூடவே வரும். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'இதயநிலப் பாறை' என்று வந்து நிற்கும்!

'ஹார்ட்லேண்ட்' பாட்டுக்காகப் பிறந்த சொல் அல்ல. அதைப் பரவலாக்கியவர் பிரிட்டிஷ் புவியியலாளர் ஹால்ஃபோர்ட் மாக்கிண்டர். கடற்படைகள் எட்ட முடியாத யூரேசியாவின் உட்பகுதியை அவர் 1919-இல் வெளியிட்ட நூலில் அப்படி அழைத்தார். அமெரிக்காவில் இது மிட்வெஸ்ட் பகுதிக்குப் பெயரானது. இண்டியானா, அயோவா, ஒஹாயோ போன்ற மாநிலங்கள், சோள வயல்கள், ஆலைகள், சின்னச் சின்ன ஊர்கள். நாட்டின் அசல் மனசு இங்கேதான் இருக்கிறது என்ற பெருமையும் சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், ஸ்பிரிங்ஸ்டீன் பிறந்தது கடலோர நியூ ஜெர்சியில், பெட்டி ஃபுளோரிடாவில். ஆகவே இசையில் இந்தப் பெயர் பாடகரின் ஊரைவிட, பாட்டில் வரும் ஆட்களையே குறிக்கிறது: ஆலைத் தொழிலாளி, கடன்பட்ட விவசாயி, ஊரைவிட்டுப் போக நினைத்தும் போகாதவன்.

வரைபடப்படியும் பொருந்துகிறவர் மெல்லன்கேம்ப். 1951-இல் இண்டியானாவின் சீமோரில் பிறந்தவர். ஆனால் அவரது முதல் ஆல்பம் (1976) வந்தபோது பாடகர் பெயர் 'ஜானி கூகர்' என்றிருந்தது. மேலாளர் சூட்டிய பெயர் அது, அவருக்குப் பிடிக்கவே இல்லை. 1982-இல் 'அமெரிக்கன் ஃபூல்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பிறகுதான் பேரம் பேசும் பலம் கிடைத்தது. 1983-இன் 'அ-ஹ' ஆல்பத்தில் குடும்பப் பெயரும் ஏறியது. 'கூகர்' முழுசாக உதிர 1991 ஆனது.

இந்த வரிசையில் ஒன்றை மட்டும் கேட்க நேரமிருந்தால் அவருடைய 1985-இன் 'ஸ்கேர்குரோ' ஆல்பம். வட்டி ஏறி, நிலத்தின் விலை சரிந்து, மிட்வெஸ்ட் விவசாயிகளின் பண்ணைகள் ஏலத்துக்குப் போன காலம். முதல் பாட்டே அதைப் பற்றித்தான். அது முடிந்ததும் அவருடைய பாட்டி பழைய பாடல் ஒன்றைக் கொஞ்ச நேரம் பாடுகிறார். ஏலம் போனது யாருடைய வீடு என்பது அந்த நடுங்கும் குரலில் புரிந்துவிடும். அதே ஆண்டு செப்டம்பரில் பாடகர்கள் வில்லி நெல்சன், நீல் யங் ஆகியோருடன் சேர்ந்து விவசாயிகளுக்காக 'ஃபார்ம் எய்டு' நிகழ்ச்சியை இல்லினாய் மாநிலத்தில் நடத்தினார். 1987-இன் 'தி லோன்சம் ஜூபிலி'யில் ஃபிடிலும் அக்கார்டியனும் முன்னுக்கு வந்தன.

சரி, தமிழுக்கு வருவோம். 'ராக்' அப்படியே இருக்கட்டும். அது பாறையைக் குறிக்கும் பெயர்ச்சொல் அல்ல, அசைந்தாடுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. முன்பாதிதான் சிக்கல். 'நாட்டுப்புற ராக்' என்றால் ஃபோக் ராக்கோடு குழம்பும். 'உள்நாட்டு ராக்' என்றால் வெளிநாட்டுச் சரக்கு இல்லை என்று பொருளாகிவிடும். 'நடுநாடு' நல்ல சொல்தான், ஆனால் நமக்கு அது விழுப்புரம், கடலூர்ப் பக்கம்.

என் தேர்வு 'அகநாட்டு ராக்'. அகம் என்றால் உள்ளும்தான், மனசும்தான். நிலத்தின் உட்பகுதி, நாட்டின் மனசு என்ற இரண்டு பொருளையும் ஆங்கிலச் சொல் எப்படிச் சுமக்கிறதோ, அப்படியே இதுவும் சுமக்கும். முதல் தடவை எழுதும்போது 'ஹார்ட்லேண்ட் ராக் எனப்படும் அகநாட்டு ராக்' என்று அறிமுகப்படுத்திவிட்டால் அப்புறம் தமிழ்ச் சொல்லே போதும்.

ஆனால் மெல்லன்கேம்பின் எல்லா ஆல்பங்களுக்கும் இதை ஒட்ட வேண்டாம். 2010-இன் 'நோ பெட்டர் தேன் திஸ்', 1955-ஆம் ஆண்டு டேப் ரெக்கார்டரில், ஒற்றை மைக்கை வைத்து, மோனோவில் பதிவானது. அதில் ஒலிப்பது ப்ளூஸும் பழைய நாட்டுப்புற இசையும். அதை அகநாட்டு ராக் என்று எழுதினால் தப்பு.