கண் புரைக்குப் போன எடத்துல சிக்கின ஹெபடைடிஸ் சி

58 வயசு அம்மா ஒருத்தங்க, கண் புரை ஆபரேஷனுக்கு ரத்தம் எடுத்தப்ப "ஆன்டி ஹெச்சிவி ரியாக்டிவ்"னு, அதாவது ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு எதிரா உடம்பு உண்டாக்கற ஆன்டிபாடி ரத்தத்துல இருக்குன்னு வந்துடுச்சு, அங்க ஒரு விளக்கமும் சொல்லாம ஆபரேஷன தள்ளி வெச்சு லிவர் டாக்டர பாருங்கன்னு அனுப்பிட்டாங்க. என்கிட்ட வர்றதுக்குள்ள வீட்ல தட்டு டம்ளர் எல்லாம் தனியா எடுத்து வெச்சாச்சு. எனக்கு கோபமே வந்துச்சு. இது ரத்தத்துல இருந்து ரத்தத்துக்குப் போற வைரஸ்ங்க, தட்டுல பரவாது, பேரனைத் தூக்கி கொஞ்சினா பரவாது. ஷேவிங் பிளேடு, நெயில் கட்டர், டூத் பிரஷ் மட்டும் தனியா இருந்தா போதும்.

"எனக்கு காமாலையே வந்ததில்லையே டாக்டர்"னாங்க. நம்ம ஊர்ல லிவர்னாலே காமாலை, காமாலைன்னா கீழாநெல்லி, அதோட சரி. ஆனா இந்த வைரஸ் உள்ள நுழைஞ்சது முக்கால்வாசி பேருக்குத் தெரியவே தெரியாது, 20, 30 வருஷம் சத்தமில்லாம லிவர தழும்பாக்கும், வயித்துல தண்ணி கோத்துக்கிட்டு ரத்த வாந்தியோட வர்றப்பதான் சில பேருக்கு விஷயமே தெரியுது. துருவித் துருவி கேட்டதுல 1991ல பிரசவத்தப்ப ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினது ஞாபகம் வந்துச்சு. வைரஸைக் கண்டுபிடிச்சதே 1989ல, நம்ம ரத்த வங்கிகள்ல இதுக்கு டெஸ்ட் கட்டாயமானது அப்புறம் பல வருஷம் கழிச்சுதான். அந்தக் காலத்துல ரத்தம் ஏத்திக்கிட்டவங்க, டயாலிசிஸ்ல இருக்கறவங்க, திருவிழாவுல பச்சை குத்திக்கிட்டவங்க, ஊசி போதை பழக்கம் இருந்தவங்க எல்லாரும் ஒருதடவை பாத்துடுங்க.

ஆன்டிபாடி ரியாக்டிவ்னா வைரஸ் இப்ப இருக்குன்னு அர்த்தம் இல்ல, எப்பவோ வந்துட்டுப் போனதாவும் இருக்கலாம், நூத்துல 15ல இருந்து 45 பேருக்கு மருந்தே இல்லாம தானா போயிடும். வைரஸோட மரபணுவையே ரத்தத்துல தேடற ஆர்என்ஏ டெஸ்ட் பாத்தாதான் இருக்கா இல்லையான்னு தெரியும். அந்த அம்மாவுக்கு இருந்துச்சு.

முன்னெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசி, 24 வாரம், 48 வாரம்னு போகும், காய்ச்சல், முடி கொட்டறது, மனச்சோர்வு, பாதியில விட்டவங்க நிறைய. இப்ப சோஃபோஸ்புவிர் கூட வெல்பட்டாஸ்விர், தினம் ஒரே மாத்திரை, பெரும்பாலும் 12 வாரம், நூத்துக்கு 95 பேருக்கு மேல முழுசா குணமாகுது. 2013 கடைசில அமெரிக்காவுல சோஃபோஸ்புவிர் வந்தப்ப ஒரு மாத்திரை 1000 டாலர்! அப்புறம் இந்தியக் கம்பெனிகளே தயாரிக்க ஆரம்பிச்சு விலை இறங்குச்சு, 2018 ஜூலைல தொடங்கின தேசிய ஹெபடைடிஸ் திட்டத்துல டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம். இது தெரியாம நகையை அடகு வெக்கலாமான்னு கேட்டாங்க அவங்க வீட்டுக்காரர்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி இருக்கான்னு கண்டிப்பா பாக்கணும், ஏன்னா சி அடங்கும்போது பி தலைதூக்கலாம். நீங்க சாப்பிடற எல்லா மாத்திரையும் பையோட கொண்டு வாங்க, தினம் காலைல போடற கேஸ் மாத்திரை கூட இந்த மருந்து உடம்புல சேர்றத குறைச்சுடும். சில இதய மாத்திரைங்க கூட சேர்ந்தா ஆபத்து. லிவர் ஏற்கனவே தழும்பேறி இறுகி சிரோசிஸ் ஆயிடுச்சுன்னா வைரஸ் போனப்புறமும் 6 மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன், அத விடவே கூடாது.

மாத்திரை முடிச்சு 12 வாரம் கழிச்சு பாத்தோம், வைரஸ் இல்ல. சந்தோஷமா கண் ஆபரேஷனுக்குப் போனா அங்க திரும்பவும் "ரியாக்டிவ்"! ஆன்டிபாடி குணமானப்புறமும் ரத்தத்துல இருந்துக்கிட்டேதான் இருக்கும். அதோட, ரியாக்டிவா இருந்தாலுமே ஆபரேஷன் பண்ணலாம், எல்லா பேஷன்ட்டுக்கும் எடுக்கற பாதுகாப்பே போதும். ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தேன். இப்ப அந்த ஆர்என்ஏ ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி ரேஷன் கார்டு கவர்லயே சொருகி வெச்சிருக்காங்க.