ஆட்டோகேடில் 100 மி.மீ., தாளில் 97 மி.மீ.: மீதி எங்கே போனது?

ஓசூரில் ஒரு ஷீட் மெட்டல் பட்டறைக்கு வரும் ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் துளையிட்ட தகடு) டிராயிங்கை எடுத்துக்கொள்வோம். அது மூன்று பேரிடம் போகும். லேசர் மெஷின் ஓட்டுபவர் அதை வைத்துத் தகடு வெட்டுவார். குவாலிட்டி பார்ப்பவர் பிரிண்ட் எடுத்து, வெர்னியரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அளவாக டிக் அடிப்பார். ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரர் போனில் திறந்து பார்த்துவிட்டு ‘ஓகே’ என்பார். மூன்று பேருக்கும் ஒரே கோப்பை அனுப்பினால், இரண்டு பேருக்காவது சிக்கல் வரும்.

காரணம் கோப்புக்குள் இருக்கிறது. ஆட்டோகேட் போன்ற கேட் (கணினியில் வரைபடம் வரையும்) மென்பொருளில் வரைந்தது திரையில் கோடாகத் தெரிந்தாலும் உள்ளே எண்களாகத்தான் கிடக்கிறது. ஒரு கோலத்தைப் போட்டோ பிடித்து அனுப்புவது ஒரு வழி. ‘ஊடுபுள்ளி, 15-க்கு 8’ என்று சொல்லி, கோடு சுற்றும் விதத்தையும் சொல்லிவிடுவது இன்னொரு வழி. சொல்லிக் கொடுத்தால் வாங்கியவர் அதை வாசல் அளவுக்கும் போடலாம், தெரு அளவுக்கும் போடலாம், கோடு மங்காது. கேட் கோப்பு இந்த வகை. எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது அந்தக் குறிப்பை இன்னொரு மென்பொருளுக்குப் புரியும்படி திருப்பி எழுதுகிறோம். திருப்பி எழுதினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எது விட்டுப்போனால் பரவாயில்லை என்பதை, வாங்குபவர் வெட்டப் போகிறாரா, அளக்கப் போகிறாரா, படிக்கப் போகிறாரா என்று கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வெட்டுபவருக்குப் போவது டி.எக்ஸ்.எஃப். என்ற வகைக் கோப்பு. 1982-இல் ஆட்டோகேடின் முதல் பதிப்போடு வந்த முறை, இன்றும் லேசர், பிளாஸ்மா, வாட்டர்ஜெட் எல்லாவற்றுக்கும் இதுதான் பொதுமொழி. அதை நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். ஒரு வட்டத்தைத் தேடிப் பிடித்தால் இப்படி இருக்கும்: 8 என்ற எண், அடுத்த வரியில் லேயரின் (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கின்) பெயர். 10 என்ற எண், அடுத்த வரியில் மையத்தின் எக்ஸ் தூரம். 20, அதன் கீழே ஒய் தூரம். 40, அதன் கீழே ஆரம். மையமும் ஆரமும் தெரிந்துவிட்டால் வட்டம் முழுதாகக் கிடைத்துவிடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது வட்டமாகவே இருக்கும்.

ஆனால் அந்த 40-க்குக் கீழே 50 என்று இருந்தால், அது 50 மி.மீ.யா, 50 அங்குலமா? அந்த வரி சொல்லாது. கோப்பின் தலைப்பகுதியில் அலகுக்கென்று ஓர் இடம் உண்டு. 1 என்றால் அங்குலம், 4 என்றால் மில்லிமீட்டர். அந்த இடம் காலியாக வருவதும் உண்டு, வாங்கும் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாமல் போவதும் உண்டு. அப்போது 25.4 மடங்கு தவறு நடக்கும். 100 மி.மீ. ஃபிளாஞ்ச் இரண்டரை மீட்டராகும், அல்லது 4 மி.மீ.க்குச் சுருங்கும். இவ்வளவு பெரிய தவறு கண்ணில் பட்டுவிடும் என்பதால் நட்டம் குறைவு. இருந்தாலும் கோப்போடு ‘மொத்த அளவு 240 × 180 மி.மீ.’ என்று ஒரு வரி எழுதி அனுப்புவதற்குச் செலவு ஒன்றுமில்லை. எல்லாப் பட்டறைகளும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

கண்ணில் படாத தவறுகள்தான் காசைத் தின்னும். சில மென்பொருள்கள் வட்டத்தை வட்டமாக எழுதாமல் குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடைத்து எழுதிவிடும். 50 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தை 36 துண்டாக உடைத்தால், ஒவ்வொரு துண்டின் நடுவிலும் கோடு உண்மையான வளைவிலிருந்து 0.19 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். திரையில் அது தெரியவே தெரியாது. பேரிங் உட்காரும் துளையில் கட்டாயம் தெரியும். அடுத்தது, ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடு. திரையில் ஒரு கோடுதான். மெஷினோ அந்த வழியில் இரண்டு முறை போகும், விளிம்பு கருகும். ஆட்டோகேடில் ‘ஓவர்கில்’ கட்டளை இதை நீக்கிவிடும். மூலையில் மிக நுண்ணிய இடைவெளி விட்டிருந்தாலும் அது மூடிய உருவம் ஆகாது, எது உள்ளே எது வெளியே என்று வெட்டும் மென்பொருளுக்குத் தெரியாது. லேசர் கதிருக்கும் ஒரு பருமன் உண்டு என்பதால் அந்த அளவைச் சேர்த்து வரைந்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அந்தத் திருத்தத்தை மெஷின் பக்கம் பார்த்துக்கொள்வார்கள், இரண்டு பேரும் திருத்தினால் வேலை கெட்டுப்போகும்.

அளப்பவருக்கும் படிப்பவருக்கும் பி.டி.எஃப். 1993-இல் அடோபி கொண்டுவந்தது, 2008-இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. இதுவும் கோடுகளை எண்களாகவே வைத்திருக்கும் என்பதால் பெரிதாக்கினாலும் மங்காது. ஆனால் பி.டி.எஃப். மொழியில் வட்டம் என்ற உருவமே கிடையாது! செவ்வகத்துக்கு ஒரு கட்டளை இருக்கிறது, வட்டத்துக்கு இல்லை. பெசியர் எனப்படும் நான்கு வளைவுகளை ஒட்ட வைத்து வட்டம்போலக் காட்டுவதுதான் வழக்கம். பிழை ஆரத்தில் 0.027 சதவீதம்தான், 100 மி.மீ. ஆரத்துக்கு 0.027 மி.மீ. பார்ப்பதற்கு இது தாராளமாகப் போதும். அதே பி.டி.எஃப்.-ஐ மறுபடி டி.எக்ஸ்.எஃப். ஆக்கி வெட்டக் கொடுத்தால் மையம், ஆரம் என்ற தகவல் போய்விட்டிருக்கும். லேயரும் பல சமயம் கலந்துவிட்டிருக்கும்.

இனி தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். கேட் மென்பொருளில் எல்லாமே உண்மை அளவில் வரையப்படும். 30-க்கு 40 அடி மனை என்றால் உள்ளே 30-க்கு 40 அடியேதான். ஸ்கேல், அதாவது எத்தனை மடங்கு சுருக்குவது என்ற பேச்சே தாளில் கொண்டுவந்து வைக்கும்போதுதான் எழுகிறது. இதற்காக ஆட்டோகேடில் 1990-இல் வந்த ஏற்பாடுதான் பேப்பர் ஸ்பேஸ், இன்று நாம் லேஅவுட் என்பது. தாளை 1:1-இல் வைத்து, அதில் ஒரு ஜன்னல் திறந்து, அந்த ஜன்னலுக்கு மட்டும் 1:50 அல்லது 1:100 என்று ஸ்கேல் கொடுக்கிறோம். 1:100-இல் அந்த மனை 91 × 122 மி.மீ. ஆகிறது, ஏ4 தாளில் சாவகாசமாக உட்காரும்.

இதுவரை எல்லாம் சரி. பி.டி.எஃப்.-ஐக் கிருஷ்ணகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போடச் சொல்கிறோம். பிரிண்ட் கட்டத்தில் ‘ஃபிட்’ என்ற தேர்வு ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். சாதாரணப் பிரிண்டரால் தாளின் விளிம்புவரை மை போட முடியாது, நாலு பக்கமும் சில மில்லிமீட்டர் விட்டாக வேண்டும். அதற்குள் அடங்கட்டும் என்று மென்பொருள் முழுப் படத்தையும் ஏறத்தாழ 97 சதவீதத்துக்குச் சுருக்கிவிடும். 100 மி.மீ. கோடு 97 ஆனது இப்படித்தான். தாளில் ஸ்கேல் வைத்து அளக்கும் மேஸ்திரிக்கு 10 அடி அறை 9 அடி 8 அங்குலமாகத் தெரியும். 40 அடி மனையில் ஒரு அடிக்கு மேல் காணாமல் போகும். தாளில் ‘1:100’ என்ற எழுத்து மட்டும் மாறாமல் நிற்கும் என்பதுதான் இதில் ஆபத்து.

நில அளவை எஃப்.எம்.பி. ஸ்கெட்சை (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தை) இணையத்தில் எடுத்து அளப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 1:1000 ஸ்கேலில் தாளின் ஒரு மி.மீ. தரையில் ஒரு மீட்டர். மாந்தோப்பின் 80 மீட்டர் எல்லை, 97 சதவீதப் பிரிண்டில் 77.6 மீட்டராகத் தெரியும். அந்த 2.4 மீட்டருக்காகப் பக்கத்துத் தோட்டக்காரரோடு வாய்த்தகராறு வரலாம். எழுதியிருக்கும் அளவைப் படிக்க வேண்டும், தாளில் வைத்து அளக்கக் கூடாது. பிரிண்டில் ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் தேர்ந்தெடுக்க வேண்டும். டிராயிங்கின் ஓரத்தில் 0, 1, 2, 5 மீட்டர் என்று ஒரு ஸ்கேல் பட்டையும் வரைந்து வைத்தால், படம் எவ்வளவு சுருங்கினாலும் பட்டையும் கூடவே சுருங்கும். ஸ்கேலை எழுத்தில் போடுவதைவிட இது நம்பகமானது.

கோட்டின் கனத்துக்குப் பின்னால் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஏ3 தாளைப் பாதியாக மடித்தால் ஏ4. மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது, அது எப்போதும் 2-இன் வர்க்கமூலம், அதாவது 1.414. வரைபடக் கோடுகளின் தரக் கனங்களைப் பாருங்கள்: 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 மி.மீ. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் 1.4 மடங்கு. ஏ3 பிரிண்டை 71 சதவீதத்தில் ஏ4-க்குச் சுருக்கினால் 0.5 கோடு 0.35 ஆகும், 0.35 கோடு 0.25 ஆகும், 3.5 மி.மீ. எழுத்து 2.5 ஆகும். சுருங்கிய தாளும் தரத்துக்குள்ளேயே நிற்கிறது. இதை ஏற்பாடு செய்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

திரையில் கலர் கலராக வரைவதும் அந்தக் காலத்துப் பழக்கம். 1980-களின் பிளாட்டர்களில், அதாவது பெரிய தாளில் வரைபடம் போடும் மெஷின்களில், உண்மையான பேனாக்கள் இருந்தன. ‘பேனாவைத் தூக்கு, இறக்கு, இங்கே நகர்’ என்ற கட்டளைகளைப் படித்துக்கொண்டு, 0.025 மி.மீ. படிகளில் அவை தாளில் ஓடும். எந்தக் கோட்டுக்கு எந்தப் பேனா என்பதைக் கோட்டின் நிறத்தை வைத்துச் சொன்னார்கள். பேனாக்கள் போய்விட்டன, முறை மட்டும் நிற்கிறது. சி.டி.பி. கோப்பு என்பது 255 நிறங்களுக்கும் எந்தக் கனம், எந்த மை என்று சொல்லும் பட்டியல். அதைக் கொடுக்காமல் பிரிண்ட் போட்டால் கறுப்புத் திரையில் பளிச்சென்று இருந்த மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் மறைந்துபோகும்.

போனில் பார்ப்பவருக்குப் போட்டோவாக அனுப்புவது போதுமா? ஏ1 தாளின் நீளம் 841 மி.மீ. வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போனால் படம் சுருக்கப்படும். நீளவாக்கில் 1,600 பிக்சல் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பிக்சலுக்கு அரை மி.மீ.க்கு மேல். 2.5 மி.மீ. எழுத்து ஐந்து பிக்சல் உயரத்தில் நிற்கும். 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. அதே பி.டி.எஃப்.-ஐ ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஊர்ப் பெயர் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பி.டி.எஃப்.-இல் எழுத்துருவையும் உள்ளேயே வைத்து அனுப்பலாம். டி.எக்ஸ்.எஃப்.-இல் எழுத்துருவின் பெயர் மட்டும்தான் போகும். ஆகவே பர்கூர் பக்கம் கிரானைட்டில் பெயர் பொறிக்கக் கொடுப்பவரும், தகட்டில் பெயர்ப்பலகை வெட்டக் கொடுப்பவரும் எழுத்தை முதலில் கோடாக மாற்றிவிட வேண்டும். தகட்டில் ஊடுருவ வெட்டுவதானால் ‘வ’, ‘ண’ போன்ற எழுத்துகளின் மூடிய சுழிகளையும் பார்க்க வேண்டும். சுற்றிலும் வெட்டியதும் சுழியின் உள்வட்டம் கழன்று விழுந்துவிடும். வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு சுழியிலும் தகட்டின் கனத்துக்குக் குறையாத அகலத்தில் ஒரு சின்ன இணைப்பை விட்டு வரைந்தால் எழுத்து முழுதாக நிற்கும்.