லீவர் நகரவில்லையா? முதலில் கையை எடுங்கள்

பழைய பிலிம் கேமராக்களைப் பழுது பார்ப்பது என் தொழில். மேஜைக்கு வருகிறவற்றில் தானாகக் கெட்டுப்போனவை குறைவுதான். சின்னதாக ஒரு கோளாறு வந்து, அதற்கு வீட்டிலேயே அரை மணி நேரம் வைத்தியம் பார்த்து, அப்புறம் பையில் போட்டுக் கொண்டுவரப்படுபவையே அதிகம்.

சில மாதங்களுக்கு முன்பு ஓர் இளைஞர் தாத்தாவின் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாக வரும் காட்சியை உள்ளே இருக்கும் மிரர் கண்ணுக்குக் காட்டும் ரகம்) கேமராவோடு வந்தார். பிலிமை நகர்த்தும் லீவர் பாதியில் நிற்கிறது, ஷட்டர் பட்டனும் அமுங்கவில்லை. "கொஞ்சம் அழுத்தித் தள்ளிப் பார்த்தேன் சார், நகரல. அப்புறம் அடித்தகட்டைக் கழட்டி லேசா எண்ணெய் விட்டேன்" என்றார். இந்த 'லேசா' என்ற சொல்லை நான் நம்புவதே இல்லை. வியூஃபைண்டருக்குள் பார்த்தேன், எண்ணெய் மினுமினுத்தது. கேமராவைக் கறுப்புப் பைக்குள் வைத்து, பின்கதவைத் திறந்து, பிலிமை விரலால் தடவினேன். ஓரத்துத் துளைகள் நாலைந்து கிழிந்திருந்தன. பிலிம் தம்புராத் தந்தி போல விறைத்து நின்றது. ரோல் முடிந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு!

36 படங்கள் கொண்ட ரோலாயிற்றே, கவுன்டர் 35-ஐத்தானே காட்டியது என்று கேட்டார். பிலிமைப் போடும்போது முன்னால் எவ்வளவு சுற்றிவிட்டோம் என்பதைப் பொறுத்து 34-லும் முடியும், 38 வரைக்கும் போகும். கவுன்டரை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கேமராவில் அம்மி நகராது, பல்தான் உடையும். அந்த லீவரின் ஒரே இழுப்பில் மூன்று வேலைகள் நடக்கின்றன: பிலிம் ஒரு படம் நகர்கிறது, ஷட்டர் திரைகளின் ஸ்பிரிங் முறுக்கேறுகிறது, மிரர் மேலே எழத் தயாராகிறது. இதில் ஒன்று பாக்கி இருந்தாலும் மற்றவை நடக்கக் கூடாது என்பதற்காகவே உள்ளே பூட்டுகள் வைத்திருக்கிறார்கள். லீவர் நின்றுவிட்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் அர்த்தம். எந்த வேலை பாக்கி என்று தேடுங்கள்.

உள்ளே பிலிம் இருந்தால் முதல் சந்தேகம் ரோல் முடிந்ததா என்பது. அடிப்பக்கத்து ரீவைண்ட் பட்டனை அமுக்குங்கள். பிலிமின் பிடி விடுபடும். பல மாடல்களில், பாதியில் நின்ற லீவர் அதற்குப் பிறகு தன் இழுப்பை முடித்துக்கொள்ளும். அடுத்து செல்ஃப் டைமர் லீவர் பாதியில் திரும்பி நிற்கிறதா என்று ஒரு பார்வை. அப்புறம் பேட்டரி.

பேட்டரியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1 இரண்டும் 1976-ல் வந்தவை. முன்னதற்குப் பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். அது செத்தாலும் எல்லா வேகத்திலும் ஷட்டர் அடிக்கும். ஏஇ-1-ல் ஷட்டரை விடுவிப்பதே மின்சாரம். 6 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டால் பட்டனும் வேலை செய்யாது, லீவரும் நகராது. ஆள் பார்ப்பதற்கு 'ஜாம்' ஆன மாதிரியே இருக்கும். நிக்கான் எஃப்இ இன்னொரு ரகம். பேட்டரி இறங்கிய நிலையில் அடித்தால் மிரர் மேலேயே நின்று வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். ஸ்பீடு டயலைப் பேட்டரி தேவைப்படாத எம்90-க்குத் திருப்பினால் மிரர் இறங்கிவிடும். இதற்காகவே என்னிடம் வந்து, இரண்டு நொடியில் சரியாகி, கொஞ்சம் அசடு வழிந்தபடி திரும்பிப் போனவர்கள் உண்டு.

சோவியத் கேமராக்களான ஸோர்க்கி, ஃபெட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லீவரையோ குமிழையோ முழுதாகச் சுற்றிய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். முறுக்காத நிலையில் டயலைத் திருப்பினால் உள்ளே இருக்கும் சின்னப் பாகங்கள் கெட்டுவிடும்.

சரி, லீவர் நன்றாக இருக்கிறது, படங்கள்தான் கெடுகின்றன என்றால்? பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்துவைத்து, ஷட்டரை 1 நொடிக்கு வைத்து அடித்துக் காதைக் கொடுங்கள். 'ட்ர்ர்ர்' என்று கடிகாரம் போல ஒரே சீராக ஓடி முடிய வேண்டும். நடுவில் திணறினாலோ, திரை பாதியில் நின்றாலோ பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகிவிட்டது என்று நினைக்கலாம். பத்துப் பதினைந்து முறை அடித்த பிறகு ஓட்டம் கொஞ்சம் தேறினால் சந்தேகம் உறுதி. நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் செல்போன் இருந்தால், கேமராவின் முன்பக்கத்தை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, திறந்த பின்பக்கத்தை ஸ்லோமோஷனில் எடுங்கள். 1/30 நொடியில் ஏறக்குறைய 8 ஃபிரேமுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். 15 தெரிந்தால் ஷட்டர் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது.

1/1000-ல் எடுத்த படங்களில் மட்டும் ஒரு பக்கம் இருண்டு போவது வேறு கதை. துணித்திரை ஷட்டரில் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். இந்த வேகத்தில் நடுவே இருப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீற்றுதான். முதல் திரை ஒரு துளி தாமதித்தாலும் பின்னால் வரும் திரை அதை எட்டிப் பிடித்து, கீற்றை மூடிவிடும். வீடியோக்களைப் பார்த்து ஸ்பிரிங்கை முறுக்கிவிடுகிறார்கள். பசியால் நடக்க முடியாத மாட்டைச் சாட்டையால் அடிப்பது மாதிரிதான் இது. பிசினை எடுக்காமல் முறுக்கைக் கூட்டினால் பத்து நாள் ஓடும். அப்புறம் பழையபடி நிற்கும், தேய்மானம் மட்டும் கூடியிருக்கும்.

ஸ்பிரே எண்ணெய் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தீராது. கேமராவுக்குள் எண்ணெயை நாங்கள் ஊசி முனையில் தொட்டுத்தான் வைப்போம், அதுவும் குறிப்பிட்ட இடங்களில் மட்டும். ஸ்பிரே செய்தது இண்டு இடுக்கெல்லாம் ஊர்ந்து போய் லென்ஸில் வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் அபெர்ச்சர் இதழ்களில் ஏறும். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் கேமராக்களில் இன்னும் மோசம். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மெல்லிய இதழ்களும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

பின்கதவு ஓரத்திலும் மிரருக்கு மேலேயும் இருக்கும் ஃபோம் தார் போல இளகியிருந்தால், பல்குச்சியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வைத்து நீங்களே எடுத்துவிடலாம். மிரரை மட்டும் தொடாதீர்கள். பளபளக்கும் பூச்சு கண்ணாடியின் முன்பக்கத்தில் இருக்கிறது, துடைத்தால் கையோடு வந்துவிடும்.

உள்ளேயே ஃபிளாஷ் இருக்கும் சின்ன கேமராக்களைத் திறக்கவே வேண்டாம். அந்த ஃபிளாஷின் கபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அடிக்கும். ஒருமுறை வாங்கியிருக்கிறேன், முழங்கை வரை மரத்துப்போனது.

மற்றவற்றைக் கட்டாயம் திறந்துதான் பார்ப்பேன் என்றால், ஜப்பானியக் கேமராக்களின் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வகை. சாதாரண ஸ்டார் டிரைவர் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சில மாடல்களில் லீவர் மூடி கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன்பு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது என்னென்ன செய்தோம் என்பதை மறைக்காதீர்கள். எண்ணெய் விட்டதைச் சொன்னால் எனக்கு ஒரு நாள் தேடல் மிச்சம். அந்த இளைஞர் எல்லாவற்றையும் சொன்னார், அதனால்தான் கேமரா பிழைத்தது. அழுத்தித் தள்ளியதில் பல் போன சக்கரத்துக்கு, கிடப்பில் இருந்த அதே மாடல் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டேன். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு பிலிம் டப்பாவில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். எல்லாம் பொருந்திய பிறகு ஒன்று மிஞ்சியது. அது அந்தக் கேமராவினுடையதே இல்லை. எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை.