கத்தியைத் தாங்கும் கையுறை ஊசியைத் தாங்குமா?

மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும் என்ற எதிர்பார்ப்பில், டெல்டா மாவட்டங்களில் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் வாய்க்கால்களைத் தூர்வாருவார்கள். அந்த நாள்களில் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் காயங்கள் பெரும்பாலும் மண்வெட்டி வெட்டு, கண்ணாடிச் சில்லு, கருவேல முள் என்றே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசியில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் தூய்மைக் காவலர் ஒருவர் வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். துணியை அவிழ்த்தபோது சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் கழுவிய பிறகு கண்ணில் பட்டது, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கரும்புள்ளி மட்டுமே. மதகில் அடைத்துக்கொண்டிருந்த ஆகாயத்தாமரையையும் பிளாஸ்டிக் பைகளையும் இழுத்துப் போட்டபோது, ஒரு பைக்குள் கிடந்த ஊசி குத்தியிருக்கிறது. "முள்ளு குத்துனாப்புலதான் இருந்துச்சு டாக்டரம்மா, பையப் பிரிச்சுப் பாத்தப்பதான் ஊசின்னு தெரிஞ்சுச்சு" என்றார். குத்தி ஐந்து நாள் ஆகியிருந்தது.

அவர் வெறுங்கையோடு வேலை செய்யவில்லை. ஊராட்சியில் கொடுத்த ஆரஞ்சு நிற ரப்பர் கையுறையை அணிந்திருந்தார். ஊசி அதையும் தாண்டித்தான் விரலுக்குள் போயிருந்தது. கையுறை தந்துவிட்டோம் என்று கொடுத்தவர்களும், கையுறை போட்டிருக்கிறோம் என்று அவரும் நிம்மதியாக இருந்தது என்னை நெடுநாள் உறுத்தியது. அதன் பிறகுதான் கையுறைகளின் அட்டைகளில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் ஆபத்தின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் அது தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. குத்துப்பட்டு வருபவர்கள் எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்துத்தான் நடுங்குகிறார்கள். ஆனால் குப்பையில் கிடந்த ஊசியால் எச்.ஐ.வி. பரவியதாக உறுதியான நிகழ்வுகள் உலக அளவிலேயே மிக அரிது. நான் அதிகம் கவலைப்படுவது ஹெபடைடிஸ் பி கிருமியைப் பற்றியே. உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட அது குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். இதற்கான தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அட்டவணையில் சேர்ந்தது 2011-ஐ ஒட்டித்தான் என்பதால், இன்று வாய்க்காலிலும் குப்பைக் கிடங்கிலும் வேலை செய்யும் நடுத்தர வயதினரில் பெரும்பாலோர் அதைப் போட்டிருக்க வழியில்லை.

இனி கையுறைக்கு வருகிறேன். தூய்மைப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் நான் ஒரு சிறு சோதனையைச் செய்து காட்டுவதுண்டு. விரல் பருமனுள்ள பூவன் பிஞ்சுக் காய்களை எடுத்து, ஒன்றை ஆரஞ்சு ரப்பர் கையுறையின் விரலுக்குள்ளும், இன்னொன்றை வெட்டுத் தாங்கும் என்று விற்கப்படும் சாம்பல் நிறப் பின்னல் கையுறைக்குள்ளும், மற்றொன்றை ஊசிக்கென்றே செய்த கையுறைக்குள்ளும் நுழைப்பேன். புதிய, சுத்தமான ஊசி ஒன்றை ஒரு பணியாளரிடமே கொடுத்துக் குத்தச் சொல்வேன். ரப்பர் கையுறையில் ஊசி இறங்கும்போது கைக்கு எந்தத் தடையும் தெரியாது. பின்னல் கையுறையைக் கத்தியால் அழுத்தி அறுத்தாலும் நூல் அறாது. ஊசியோ இரண்டு நூல்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து, காயின் பால் வடியும் ஆழம் வரை போய்விடும். மூன்றாவது கையுறையில் ஊசியின் நுனி எதிலோ முட்டி நிற்கும், சில சமயம் வளைந்தும் போகும். ஆனால் விடாமல் சாய்த்துச் சாய்த்து அழுத்தினால் அதிலும் உள்ளே போகும் இடம் ஒன்று கிடைத்துவிடும். அதையும் மறைக்காமல் காட்டுகிறேன், ஏனென்றால் ஊசியை முற்றிலும் தடுக்கும் கையுறை என்று எதுவும் கிடையாது.

இந்த வேறுபாட்டிற்குக் காரணம் எளிது. கத்தியின் விளிம்பு நூலை அறுக்க வேண்டும். ஊசியின் சாய்வாகச் சீவிய நுனி நூலை விலக்கினாலே போதும். ஆகவே ஊசிக்கான கையுறைகளில் மிக நெருக்கமாக நெய்த பல அடுக்குத் துணியையோ, துணியின்மேல் செதில்போல் ஒட்டிய கடினமான நுண்தகடுகளையோ வைக்கிறார்கள்.

கையுறை வாங்கும் அலுவலர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பியத் தரமான இ.என். 388 முத்திரையில் சுத்தியல் படத்தின் கீழ் வரிசையாக எண்கள் இருக்கும். அவற்றில் நான்காவது எண் துளை தாங்கும் திறனைக் குறிக்கும். அந்த எண் 4 என்று இருந்தால் அதுவே மிக உயர்ந்த நிலை என்பதால், பார்ப்பவர் உடனே திருப்தியடைந்துவிடுவார். ஆனால் அந்தச் சோதனையில் கையுறையைக் குத்தும் கம்பியின் பருமன் 4.5 மில்லிமீட்டர், அது ஆணியை ஒத்தது. மருத்துவமனையில் நாங்கள் பயன்படுத்தும் 25 கேஜ் ஊசியின் பருமன் அரை மில்லிமீட்டர்தான். இன்சுலின் பேனாவின் ஊசி அதிலும் பாதி. ஆணியைத் தடுத்ததற்குக் கிடைத்த மதிப்பெண்ணை வைத்து ஊசியைத் தடுக்கும் என்று நம்புவது தவறு. ஊசிக்கென்று தனியே ஏ.எஸ்.டி.எம். எஃப் 2878 என்ற அமெரிக்கச் சோதனை முறை இருக்கிறது. அமெரிக்காவின் 2016-ஆம் ஆண்டுத் தரம் 25 கேஜ் ஊசியை வைத்தே கையுறைகளை ஐந்து நிலைகளாகப் பிரித்தது: முதல் நிலைக்கு 2 நியூட்டன், ஐந்தாம் நிலைக்கு 10 நியூட்டன் விசை தாங்க வேண்டும். 10 நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ எடை. ஊசியைப் பொறுத்தவரை மிக உயர்ந்த நிலையே அவ்வளவுதான். குப்பை மூட்டையை இறுக்கிப் பிடிக்கும்போதோ கையால் அமுக்கும்போதோ நாம் செலுத்தும் விசை அதைவிடப் பல மடங்கு. எனவே நல்ல கையுறை அணிந்தவரும் மூட்டையை அமுக்கக் கூடாது.

2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைக் கையாளும் பணியாளர்களுக்குச் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் தர வேண்டும் என்றன. எந்தக் கையுறை என்பதை வாங்குபவரே முடிவு செய்கிறார், விலையே அந்த முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஊசிக்கான கையுறை ரப்பர் கையுறையைவிடப் பல மடங்கு விலை கூடியது என்பதை நான் மறுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாங்க முடியாத உள்ளாட்சி, மக்காத குப்பையைத் தரம் பிரிப்பவர்களுக்கும், மூட்டை ஏற்றுபவர்களுக்கும், மதகிலும் சாக்கடையிலும் அடைப்பெடுப்பவர்களுக்கும் முதலில் கொடுக்கலாம். தெருவைப் பெருக்குபவருக்கு நீளக் கைப்பிடியுள்ள விளக்குமாறும் தட்டும் முதலில் வேண்டும்.

வாங்கிய கையுறை மூலையில் கிடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பணியாளரைக் குறை சொல்வது நியாயமாகாது. சித்திரை வெயிலில் கனத்த கையுறைக்குள் வியர்வை குளமாகக் கட்டும், தோல் ஊறி வெளுத்து அரிக்கும். இந்த வேலையில் பெண்களே அதிகம் என்றாலும் வந்து இறங்கும் பெட்டியில் ஆண்களின் பெரிய அளவே இருக்கும்; விரல் நுனிக்கு அப்பால் அரை அங்குலம் தொங்கும் கையுறையால் ஒரு பாட்டில் மூடியைக்கூட எடுக்க முடியாது. வேலை ஓடாவிட்டால் யாரும் கழற்றி வைக்கத்தான் செய்வார்கள். ஆகவே கொள்முதலுக்கு முன் நான்கைந்து பேரிடம் கொடுத்து ஒரு வாரம் வேலை செய்யச் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேட்டு அளவை முடிவு செய்ய வேண்டும். உள்ளே மெல்லிய நைட்ரைல் கையுறை ஒன்றை அணிந்தால் ஈரமும் அழுக்கும் தோலில் படாது. தனித்து அணிந்தாலும் அந்த மெல்லிய உறை ஊசியைத் தடுக்காதே தவிர, ஊசியின்மேல் ஒட்டிய இரத்தத்தில் ஒரு பகுதியைத் துடைத்துவிடும் என்பதால், மருத்துவமனைகளில் அதையும் நாங்கள் விடுவதில்லை. பல கையுறைகளில் காப்பு அடுக்கு உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் மட்டுமே இருக்கும். புறங்கையும் விரல்களின் பக்கவாட்டும் வெறும் துணிதான். அணிபவருக்கு இதை விரலைத் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும்.

மூட்டையைத் தொடையோடு அணைத்துத் தூக்கும் பழக்கத்தால் காலில் குத்துப்பட்டவர்களும் வருகிறார்கள். கழுத்தைப் பிடித்து, உடலிலிருந்து விலக்கித் தூக்க வேண்டும். மதகில் சேர்ந்ததைக் கையால் அள்ளாமல், முள்வாரியாலோ நீண்ட கொக்கியாலோ கரைக்கு இழுத்துப் பரப்பிய பிறகே கை வைக்க வேண்டும்.

இத்தனை ஊசிகள் வாய்க்காலுக்கு எங்கிருந்து வருகின்றன? மருத்துவமனைகளுக்கு 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் உண்டு. ஊசிகள் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குத்தான் போக வேண்டும், அந்த டப்பா முக்கால் நிறைந்ததும் மூடப்பட வேண்டும். அங்கேயும் தவறுகள் நடக்கின்றன. ஊசியைப் போட்டவரே அதை டப்பாவில் சேர்க்காமல் தட்டில் விட்டுவிட்டுப் போனால், அதைத் துடைக்க வரும் பணியாளருக்குக் குத்துகிறது. ஆனால் நான் விசாரித்த அளவில், குப்பையில் கிடைக்கும் ஊசிகளில் கணிசமானவை வீடுகளிலிருந்து வருபவை. தினமும் இரண்டு வேளை இன்சுலின் போடுபவரின் வீட்டில், ஒவ்வொரு முறையும் புது ஊசி என்றால், மாதம் அறுபது ஊசி சேரும். மாட்டுக்குப் போட்ட ஊசியும் தொழுவத்தின் எருக்குழிக்கோ அருகிலுள்ள வாய்க்காலுக்கோதான் போகிறது. வீட்டில் பயன்படுத்திய ஊசியைக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும் என்று திடக்கழிவு விதிகள் சொல்கின்றன. கழிவறை கழுவும் திரவம் வந்த கெட்டியான பாட்டில் இதற்கு ஏற்றது. தண்ணீர் பாட்டில் நசுங்கும் என்பதால் உதவாது. முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி ஒட்டி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதி, வாங்க வருபவரிடம் வாயாலும் சொல்லிக் கொடுங்கள்.

குத்திவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரலை வாயில் வைக்கவோ, பிதுக்கவோ, சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், டிங்க்சர் தடவவோ கூடாது. அன்றே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அரசு மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் உடனே தொடங்க வேண்டும். அதற்கான இம்யூனோகுளோபுலினை, அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரத ஊசியை, 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, ஏழு நாளுக்குப் பிறகு பயன் தருமா என்பது உறுதியில்லை. மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குத்துப்பட்டவரை அன்றைய வேலையை முடித்துவிட்டுப் போகச் சொல்லாதீர்கள், அந்த நாளின் கூலியையும் பிடிக்காதீர்கள். கூலி போகுமே என்றுதான் பலர் சொல்லாமல் மறைக்கிறார்கள்.

மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளை நிறுவனமே போட வேண்டும் என்பது மருத்துவக் கழிவு விதி. ஊராட்சியின் தூய்மைக் காவலர் கைக்கும் அதே ஊசிதான் வருகிறது என்பதால், அவர்களுக்கும் வேலையில் சேரும்போதே 0, 1, 6 மாதம் என்ற மூன்று தவணைகளையும் போட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வைகாசியில் வந்த அந்தப் பெண்ணுக்கு 72 மணி நேரம் கடந்திருந்தது. ஏழு நாள் கடக்கவில்லை. இம்யூனோகுளோபுலினும் முதல் தவணைத் தடுப்பூசியும் அன்றே போட்டோம். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று எடுத்த இரத்தப் பரிசோதனைகளில் எந்தத் தொற்றும் இல்லை. அந்த ஆறு மாதமும் அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, பேரக் குழந்தையைத் தூக்கவும் பயந்திருக்கிறார். தூக்குவதால் எதுவும் பரவாது என்று நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கார்த்திகை மழையில் மூன்றாம் தவணைக்கு வந்தபோது, தன்னோடு மதகில் வேலை செய்யும் இருவரையும் அழைத்து வந்திருந்தார். அவர்களுக்கு முதல் தவணையை அன்றே போட்டு, அடுத்து வர வேண்டிய தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தோம்.